வெண்ணாற்றங்கரையில் ஒரு சூப்பர்ஹீரோ: படக்கதைக்காரர்களுக்குத் திறந்த மடல்

தமிழில் இளம் சூப்பர்ஹீரோ கதைகளை எழுதுகிற, வரைகிற, அச்சிடுகிற நண்பர்களுக்கு,

வணக்கம். காவிரிப் படுகையின் பாசனமும் படக்கதையும் தெரிந்த சிலர் கூடி எழுதும் மடல் இது. கோரிக்கை ஒன்றுதான். உங்கள் அடுத்த நாயகியை டெல்டாவில் பிறக்க வையுங்கள். பிறக்க வைத்தால், அவளுடைய நாள்காட்டியைத் தண்ணீரிடம் ஒப்படைத்துவிடுங்கள். பள்ளிக்கூடம், வீடு, வயல், பேய் நாலும் ஒரே வாய்க்கால் வழியாக வந்து அவள் வாசலில் நிற்கட்டும்.

இப்போது வருகிற கதைகளில் நாயகனுக்கு ஒரு மொட்டை மாடி இருக்கிறது. பக்கத்திலேயே இன்னொரு மொட்டை மாடியும் இருக்கிறது. தாவுகிறான். திருத்துறைப்பூண்டிக்கும் முத்துப்பேட்டைக்கும் நடுவே இந்த வித்தை செல்லாது. அங்கே உயரமாக நிற்பவை செல்போன் டவர், அரிசி ஆலைப் புகைபோக்கி, 2018 கஜா புயலுக்குத் தப்பிய தென்னை. கோயில் கோபுரத்தில் கால் வைத்தால் பேய்க்கு முன்னால் ஊர்க்காரர்கள் பிடித்துவிடுவார்கள். அன்றாட வாழ்க்கை என்று காட்டுவதும் எந்த ஊருக்கும் பொருந்துகிற சட்டைதான்: ஒரு பரீட்சை, ஒரு திட்டு, ஆறிப்போன சாப்பாடு. எந்த மாதத்துப் பரீட்சை, யார் ஏன் திட்டினார்கள், சமைத்தவர் எங்கே போனார் என்று கேட்டால் கதையில் பதில் கிடைக்காது.

டெல்டாவில் பதில் உண்டு. மேட்டூர் அணையின் முழு உயரம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி (ஒரு டி.எம்.சி என்றால் நூறு கோடி கன அடி). வழக்கமான திறப்பு ஜூன் 12, மூடுவது ஜனவரி 28. ஜூன் முதல் பாதியில்தான் பள்ளியும் திறக்கும். சீருடை, நோட்டு, பஸ் பாஸ் அலைச்சலும் 'தண்ணி எப்ப வரும்' என்ற பேச்சும் ஒரே பதினைந்து நாளில் ஒரு வீட்டுக்குள் நுழைகின்றன. செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு, அதே சமயம் குறுவை நெல் அறுப்பு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, நடுவில் புயல், முடிவில் அரையாண்டுத் தேர்வு. ஜனவரி, பிப்ரவரியில் சம்பா நெல் அறுப்பும் திருப்புதல் தேர்வும். மார்ச்சில் அரசுப் பொதுத்தேர்வு. நாயகி பிளஸ் டூ படிக்கிறாள் என்று வைத்துக்கொண்டால் ஒரு வருடத்துக்கான கதை ஏற்கெனவே பாதி எழுதியாகிவிட்டது.

பேய்க்கு வருவோம். உங்கள் பேய்கள் நினைத்த இடத்தில் நினைத்த நேரத்தில் வருகின்றன. அதனால்தான் பயம் வருவதில்லை. டெல்டாவின் தீயசக்திக்கு ஒரே ஒரு விதி வையுங்கள்: அது ஓடும் தண்ணீரோடு மட்டுமே நகரும், தண்ணீர் ஏறாத இடத்தில் அதுவும் ஏறாது. இந்த ஒரு விதியிலிருந்து எவ்வளவு விளைகிறது என்று பாருங்கள். மேட்டூரில் மதகு திறக்கும்போது அது விழிக்கிறது. முக்கொம்பைக் கடந்து கல்லணைக்கு வர மூன்று நான்கு நாள். கல்லணையில் நாலு வழி: காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம். தஞ்சாவூர்க்காரர் பேச்சில் கல்லணைக் கால்வாய்க்குப் புது ஆறு என்று பெயர். அந்தப் பெயரையே வசன பலூனில் போடுங்கள். பேய் எந்த வழியில் போகும் என்பதை எந்தத் தலைப்பில் (ஆறு பிரியும் இடத்து மதகில்) எத்தனை ஷட்டர் எவ்வளவு தூக்கியிருக்கிறது என்பது தீர்மானிக்கும். வெண்ணாற்றில் இறங்கினால் நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் மூணாறு தலைப்பில் மறுபடி பிரிவு: பாமணியாறு, கோரையாறு, வெண்ணாறு. பாமணியாறு என்றால் மன்னார்குடி வழி. கோரையாறு என்றால் முத்துப்பேட்டை அலையாத்திக்காடு வரை. அதற்குக் கீழே வாய்க்கால், கிளை வாய்க்கால், கன்னி வாய்க்கால், கடைசியில் ஒரு வயலின் மடை. கடைமடைக்குத் தண்ணீர் வர வாரக்கணக்கில் ஆகும். அத்தனை நாளும் அது வருகிறது என்று வாசகருக்குத் தெரியும், நாயகிக்குத் தெரியும், ஊருக்குத் தெரியாது. ஊர் மாலையும் பூவும் வைத்துக்கொண்டு அந்தத் தண்ணீரைத்தான் வரவேற்கக் காத்திருக்கிறது.

ஆடிப்பெருக்கை விட்டுவிடாதீர்கள். ஆகஸ்ட் 2 அல்லது 3ஆம் தேதி ஆற்றங்கரை முழுக்கக் கூட்டம். பெண்கள் தாலிக்கயிறு மாற்றுவார்கள், காதோலை கருகமணி விடுவார்கள், சின்னப் பிள்ளைகள் சப்பரம் இழுத்துக்கொண்டு படித்துறைக்கு வருவார்கள். தண்ணீரில் இருக்கும் ஒன்றுக்கு இதைவிட நல்ல நாள் கிடைக்குமா? ஆறு காய்ந்த வருடங்களில் படித்துறையில் குழாய் போட்டு, போர்வெல் தண்ணீரில் தலை நனைப்பார்கள். அந்த வருடம் நாயகிக்கு நிம்மதி, ஊருக்குத் துக்கம். இந்த முரண்பாட்டை ஒரு முழுப் பக்கப் படமாக வரையலாம். வசனமே வேண்டாம்.

இனிக் கதையின் முடிச்சு. பேயைத் தடுக்க எளிய வழி தலைப்பு ஷட்டரை இறக்கிவிடுவது. இறக்கினால் கீழே தண்ணீர் நிற்கும். கடைமடையில் நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பு. போர் போட்டுச் சமாளிக்க முடியாது. சம்பாவுக்குப் பெரும்பாலும் நேரடி விதைப்புதான். புழுதியில் விதைத்துவிட்டு வானத்தையும் வாய்க்காலையும் பார்த்திருப்பார்கள். முளைத்த பிறகு ஈரம் கிடைக்காவிட்டால் பயிர் கருகும். ஆக, நாயகி ஊரைப் பேயிடமிருந்து காப்பாற்றினால் அவளுடைய அப்பாவின் பயிர் போகும். அப்பாவுக்குச் சொந்த நிலம் இல்லாமல் குத்தகை என்றால் இன்னும் இறுகும். பயிர் போனாலும் குத்தகை பாக்கி நிற்கும். கூலி வேலைக்குப் போகிற அம்மா என்றால், நடவு இல்லாத வாரம் அடுப்பில் தெரியும். காலை ஆறு மணிக்கு அம்மா நடவுக்குக் கிளம்பிவிட்டால் தம்பியைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்புவது யார்? இரவு முழுக்கச் சண்டை போட்டு வந்தவள்தான்.

ஷட்டரை இறக்குவதும் ஒரு கை அசைவு அல்ல. பழைய ரெகுலேட்டர்களில் மரையாணித் தண்டும் பல்சக்கரமும் இருக்கும். கைப்பிடியை மாட்டிச் சுற்றச் சுற்றத்தான் பலகை அங்குலம் அங்குலமாக இறங்கும். கைப்பிடி, ஷட்டரை இயக்கும் ஊழியரான லஸ்கரிடம் இருக்கும். ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் வந்து அடைத்துக்கொண்டால் பலகை முழுதாக உட்காராது, அடியில் ஒரு சந்து விடும். உங்கள் பேய்க்கு அந்தச் சந்து போதும். நாயகி தன் பலத்தைக் காட்டி ஒரே இழுப்பில் ஷட்டரைத் தூக்கினால் தண்டு வளையும், பல் தெறிக்கும். கீழ்ப்புறம் திடீரென்று விழும் தண்ணீர் தளத்தைக் குடையும், கரையை அரிக்கும். யாருக்கும் தெரியாமல் செய்துவிடலாம் என்றும் எண்ண வேண்டாம். காலையில் அளவுகோலைப் பார்த்து நீர்மட்டம் குறிப்பார்கள். முந்தைய நாள் கணக்கோடு ஒட்டாது. ஊருக்கு இத்தனை நாள் என்று முறை வைத்துத் தண்ணீர் விடும் முறைப்பாசனம் நடக்கிற சமயம் என்றால் அடுத்த ஊர்க்காரர்கள், 'எங்க முறைத் தண்ணியை எவன் மறிச்சது' என்று கேட்டுக்கொண்டே வந்துவிடுவார்கள். அந்தச் சண்டைக்கு எந்தச் சூப்பர்ஹீரோவும் தாங்க மாட்டார்.

'கொள்ளிடத்தில் தள்ளிவிட்டால் கடலுக்குப் போய்விடுமே' என்று உங்களில் ஒருவர் கட்டாயம் எழுதுவார். கொள்ளிடம் வெள்ள வடிகால் என்பது சரி. ஆனால் அதன் கீழ்ப்பகுதியில் நாதல்படுகை, முதலைமேடுதிட்டு, வெள்ளமணல் என்று ஊர்கள் இருக்கின்றன. ஆறு பெருகினால் அவர்கள்தான் ஆடுமாட்டோடு மேடேற வேண்டும். தன் ஊரின் தொல்லையை இன்னொரு ஊர்ப்பக்கம் திருப்பிவிடுகிற நாயகியை முதல் இதழில் காட்டுங்கள். இரண்டாம் இதழில் அந்த ஊர்ப் பிள்ளை ஒருவன் அவளைத் தேடி வரட்டும்.

பலம் பற்றி ஒரு கணக்கு. ஒரு கன அடி என்பது 28.3 லிட்டர். வினாடிக்கு 20,000 கன அடி என்று செய்தியில் சொன்னால், வினாடிக்கு 566 டன் தண்ணீர் அந்த இடத்தைக் கடக்கிறது என்று பொருள். கையை நீட்டி ஆற்றை நிறுத்தும் படம் வரைவதற்கு முன் இந்த எண்ணை ஒரு முறை சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். நிறுத்தினால் தண்ணீர் எங்கே போகும்? பின்னால் ஏறி, கரையில் பலம் குறைந்த இடத்தைத் தேடும். 2018 ஆகஸ்டில் முக்கொம்பு மேலணையின் கொள்ளிடப் பகுதியில் 9 ஷட்டர்கள் அடித்துச் செல்லப்பட்டன. 1836இல் கட்டிய அணை அது. தண்ணீரின் குணம் தெரிய இந்த ஒரு சம்பவம் போதும்.

பலத்துக்குச் சரியான இடம் கரை உடைப்பு. அதை விவரமாகவே சொல்கிறோம், ஏனென்றால் யாரும் இதுவரை ஒழுங்காக வரைந்து நாங்கள் பார்த்ததில்லை. உடைப்பு இடி மாதிரி வராது. எலி வளை, நண்டு வளை வழியாகக் கரையின் வெளிப்புறத்தில் கசிவு தொடங்கும். கசிகிற தண்ணீர் தெளிவாக இருந்தால் காவல் வைத்தால் போதும். கலங்கி வந்தால் உள்ளே மண் அரிக்கிறது, நேரம் குறைவு. அந்த நிலையில் கசியும் வாயை அடைக்கக் கூடாது. அடைத்தால் பக்கத்தில் பிய்த்துக்கொள்ளும். வாயைச் சுற்றி வட்டமாக மூட்டை அடுக்கி, உள்ளே தண்ணீரை உயர விட வேண்டும். உள்மட்டம் உயர உயர வேகம் தணியும், மண் வருவது நிற்கும். இதைத் தெரிந்துகொண்ட நாயகிக்குச் சண்டையே தேவைப்படாத ஒரு இரவு கிடைக்கும். பேயின் திட்டம் ஒரு டார்ச் வெளிச்சத்தில் முடிந்துபோகும்.

உடைந்தேவிட்டால் முதலில் மேலே ஷட்டரைக் குறைக்கச் சொல்ல வேண்டும். பிறகு உடைப்பின் இரண்டு முனைகளையும் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் நடுவில் வேலை நடக்கும்போதே வாய் அகலமாகும். சவுக்குக் கம்புகளை இரண்டு வரிசையாக மூன்று நான்கு அடி ஆழத்துக்கு அடித்து இறக்கி, குறுக்கே மூங்கில் கட்டி, தென்னங்கீற்றும் தழையும் வைத்து, நடுவில் மூட்டை போட வேண்டும். மூட்டையை முக்கால் பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது. முழுக்க நிரப்பினால் உருண்டை கட்டிவிடும், இரண்டு மூட்டைக்கு நடுவே சந்து விழும். தளர்வாக இருந்தால்தான் ஒன்றன் மேல் ஒன்று அமுங்கிப் படியும். செங்கல் வரிசை மாதிரி இணைப்பு மாற்றி அடுக்குவது முக்கியம்.

அளவு வேண்டுமா? 10 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழம், 3 மீட்டர் கனம் என்றால் 60 கன மீட்டர். காலி சிமென்ட் சாக்கில் சுமார் 35 கிலோ மண் பிடிக்கும். ஏறக்குறைய 3,000 மூட்டை, 100 டன்னுக்குச் சற்று மேல். நாயகி ஒரு தடவைக்குப் பத்து மூட்டை தூக்குகிறாள், நடைக்கு ஒரு நிமிடம் ஆகிறது என்று வைத்தால் 300 நடை, ஐந்து மணி நேரம். இரவு இரண்டு மணிக்கு ஆரம்பித்தால் காலை ஏழு. ஏழரைக்குப் பள்ளிக்கூட பஸ். அதிமனித பலம் இருந்தும் பஸ்ஸுக்கு அரை மணி நேரம்தான் மிச்சம் என்பதில் இருக்கும் பதற்றம், மூன்று தலை அரக்கனிடம் கிடைக்காது. ஆனால் மூட்டையை நிரப்பிக் கட்டுவது யார்? இரண்டு பேர் சேர்ந்தால் நிமிடத்துக்கு ஒன்று. நாற்பது ஜோடி இருந்தால் 75 நிமிடம். எண்பது பேர் கரையில் நிற்கிறார்கள், அவள் சுமக்கிறாள். எண்பது பேருக்கும் அவள் இன்னார் மகள் என்று தெரிகிறது. டெல்டா கிராமத்தில் முகமூடி ரகசியத்தைக் காக்காது. நடையை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவார்கள். மறுநாள் டீக்கடையில் யாரும் அதைப் பற்றி வாய் திறக்காமல் இருப்பதுதான் உங்கள் ரகசிய அடையாளம்.

மழைக்காலத்தில் இன்னொரு சுவை இருக்கிறது. 'கலெக்டர் லீவு விட்டாச்சா?' என்று விடியற்காலையில் போனைப் பார்ப்பது எல்லா மாணவருக்கும் பழக்கம். நாயகிக்கு அது உயிர்ப் பிரச்சினை. விடுமுறை அறிவித்தால் தூங்கலாம். ஆனால் விடுமுறை விடுகிற அளவு மழை என்றால் கரையில் அவளுக்கு வேலை இருக்கும். விட்ட நாளைச் சனிக்கிழமை வகுப்பு வைத்து ஈடுகட்டுவார்கள், அதனால் ஓய்வெடுக்க வைத்திருந்த சனிக்கிழமையும் போச்சு.

ஜனவரிக்குப் பிறகு ஆறு வற்றும். பேய் எங்கே போகும்? ஆற்றுப் பள்ளங்களில் தேங்கும் மடுக்களில் ஒடுங்கும். பையன்கள் ஆற்று மணலில் ஸ்டம்பு நட்டு கிரிக்கெட் ஆடுவார்கள், பந்து மடுவில் விழும். அதற்கு மேல் நாங்கள் சொல்லத் தேவையில்லை. அந்த மாதங்களில் நாயகியின் பாரம் நெல் குவியல். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். மூட்டைக்கு 40 கிலோ. வரிசை வரும் வரை நெல்லைக் களத்தில் கொட்டிக் காவல் இருக்க வேண்டும். ஒரு மழை பெய்தால் ஈரம் ஏறி, மறுபடி காயவைத்து, மறுபடி வரிசை. அப்பாவுக்குக் காய்ச்சல் என்றால் படுதாவோடு இரவுக் காவலுக்குப் போவது அவள்தான், கையில் வேதியியல் புத்தகத்தோடு. அந்த நேரம் பார்த்து மடுவில் சத்தம் கேட்கிறது. நெல்லை விட்டுப் போவாளா? இதுதான் கேள்வி. உலகம் அழியுமா என்ற கேள்வியை நகரத்துக் கதைகளுக்கு விட்டுவிடலாம்.

வேறு பேய் வேண்டும் என்பவர்களுக்குக் கொள்ளிவாய்ப் பிசாசு இருக்கிறது. சதுப்பிலும் வயல்வெளியிலும் இரவில் தோன்றி நகரும் வெளிச்சம். மட்கும் தாவரத்திலிருந்து வரும் வாயு என்று வேதியியல் ஆசிரியர் சொல்வார். இரண்டு விளக்கத்தையும் கதையில் வையுங்கள், எதையும் தோற்கடிக்காதீர்கள். புளியமரத்து மோகினிக்கு ஓய்வு கொடுங்கள், பாவம், களைத்துவிட்டாள்.

முனீஸ்வரன், காத்தவராயன், மதுரை வீரன், பெரியாச்சி ஆகியோரை வில்லனாக்காதீர்கள். பல்லும் அரிவாளும் இருப்பதால் அவர்களை அரக்கர் என்று எண்ணுவது வெளியூர்ப் பார்வை. அவர்கள் பல குடும்பங்களின் குலதெய்வங்கள். காவல் அவர்களுடைய தொழில். நாயகிக்கு முன்பே அந்தப் பொறுப்பில் இருப்பவர்கள் என்று வைத்துப் பாருங்கள், எல்லைக்கல்லுக்கு உள்ளே யார் கவனிப்பது என்று ஒரு நல்ல தகராறு கிடைக்கும். இன்னொன்றும் உண்டு. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமி அன்றைய நாகைக் கடற்கரையை எல்லோரும் அறிவோம். இறந்தவர்களை ஆவியாக்கி நாயகியோடு மோதவிடும் யோசனை யாருக்காவது வந்தால், அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடுங்கள்.

சீருடையும் சாகச உடையும் பற்றிச் சுருக்கமாக: கார்த்திகை மழையில் பருத்தித் துணி மூன்று நாள் ஆனாலும் கொடியில் காயாது. இரண்டு செட் வேண்டும், விளையாட்டு உடைத் துணியாக இருந்தால் நல்லது. பறக்கும் சக்தி கொடுத்தால் வயல் மேலே தொய்ந்து கிடக்கும் மின்கம்பிகளை மறக்காதீர்கள். நட்ட வயலில் இறங்கினால் முழங்கால் வரை சேறு, 20க்கு 10 சென்டிமீட்டர் இடைவெளியில் நட்ட வரிசையில் ஓட்டை. காலையில் வயல்காரர் பார்ப்பார். வரப்பில் இறங்கட்டும். வரப்பிலும் எலி வளை இருக்கும், கட்டுவிரியன் இருக்கும்.

எழுத்துக் கோர்ப்பில் நடக்கும் பிழைகள் கதையையே கெடுக்கின்றன. தமிழ்ச் சொல் நீளம். ஒரு பலூனுக்குப் பதினைந்து சொல் போதும். 'காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன்' என்று எழுதினால் பலூன் பாதி போய்விடும், 'காப்பாத்துறேன்' போதும். இகர, ஈகாரக் குறி மேலேயும் உகர, ஊகாரக் குறி கீழேயும் நீளும். வரி இடைவெளியை ஆங்கில எழுத்துக்கு வைப்பதைவிடக் கூட்டுங்கள், இல்லாவிட்டால் மேல்வரி 'கூ'வும் கீழ்வரி 'கீ'யும் ஒட்டிக்கொள்ளும். வடிவமைப்பு மென்பொருளில் இந்திய எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் வேர்ல்ட்-ரெடி கம்போசரை இயக்காமல் யூனிகோடு எழுத்தை ஒட்டினால் ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். அச்சுக்குப் போகும் முன் 'கொ', 'கௌ', 'க்ஷ' மூன்றையும் தேடிப் பாருங்கள். நடுவில் பின் அடிக்கிற புத்தகம் என்றால் பக்கம் நான்கின் மடங்கு. 32 பக்கம் முதல் இதழுக்குத் தாராளம். வெட்டுக்கு மூன்று மில்லிமீட்டர் விடுங்கள். ஓரத்தில் வரைந்த மூணாறு தலைப்பு இரண்டாறு தலைப்பாகிவிடக் கூடாது.

பேச்சு மொழியில் மதுரையும் சென்னையும் கலந்துவிடாமல் ஒருவர் படித்துப் பார்க்கட்டும். வரைபடம் சரியா என்று தெரிய வேண்டுமானால் எந்தத் தலைப்பிலாவது லஸ்கர் ஒருவரைப் பிடித்து ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். எந்தக் கரையில் எந்த மரத்தடியில் கசியும் என்பது வரை சொல்வார்.

அட்டையில் ஜூன் 12 என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். 2022இல் மே 24 அன்றே மேட்டூர் திறந்தது. 2024இல் ஜூலை 28 ஆனது. தேதியைக் காலியாக விட்டு, திறந்த அன்று முத்திரை குத்திக்கொள்ளலாம். முதல் இதழ் கடைமடைக்குத் தண்ணீர் வருவதற்குள் கைக்கு வந்துவிட வேண்டும். வந்த பிறகு படிக்க இங்கே யாருக்கும் நேரம் இருக்காது.

இப்படிக்கு,
காவிரிப் படுகையிலிருந்து சில வாசகர்கள்